கொல்லிமலைக்குச் செல்லும் ஆய்வு மாணவர்க்கு

கோடை விடுமுறை என்றால் ஊருக்குச் சென்று ஓய்ந்திருப்பது என்ற நிலை மாறி வருகிறது. கல்லூரி மாணவர் சில வாரங்கள் ஓரிடத்தில் தங்கி ஆய்வுப் பயிற்சி பெறும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாதெமிகள் இணைந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை வழங்கி, மாணவரை ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி வந்திருப்பதைப் பலரும் அறிவர். தமிழ் பயில்வோர்க்கும் தாவரவியல் பயில்வோர்க்கும் ஆய்வுக்கூடம் என்பது மலையும் ஊருமே. அத்தகைய களங்களுள் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குத் தனி இடம் உண்டு.

இவ்வாறு களத்தில் தங்கப் புறப்படும் மாணவர் கையில் துறைகள் ஒரு தாளைக் கொடுத்தனுப்புவது வழக்கம். போர்வை, கைவிளக்கு, மருந்து, குறிப்பேடு என அது நீளும். அத்தாள் தேவையானதே. ஆயினும் அதன் தலைப்பில் இருக்க வேண்டிய இரண்டு வினாக்கள் அதில் இடம்பெறுவதில்லை. யாருடைய அறிவைப் பெறச் செல்கிறோம்? பெற்றதை எவ்வாறு திருப்பித் தரப் போகிறோம்? இவ்விரண்டுக்கும் விடையில்லாமல் எந்த மாணவரையும் மலையேற்றக் கூடாது என்பது எமது துணிபு.

வழியும் பொருளும்

முதலில் அத்தாளில் வழக்கமாக உள்ளவற்றையே பேசுவோம். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்தால், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைக் கடந்து சோளக்காடு, பின்னர் செம்மேடு. இராசிபுரம் பக்கம் முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஒரு சாலை உண்டு. வளைவுச் சாலையில் தலைசுற்றலும் வாந்தியும் இயல்பு. வயிறு நிரம்ப உண்டு பேருந்தில் ஏறாமல் இருப்பதே சிறந்த மருந்து. இருட்டுவதற்கு முன் தங்குமிடம் சேருமாறு பயணத்தை வகுத்துக்கொள்ள வேண்டும்.

மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளி வெந்து தணியும் சித்திரையிலும் இங்கே இரவில் குளிரும். கோடை மழை சொல்லாமல் வரும். ஆகவே கம்பளியும் குடையும் தவறாது வேண்டும். மையினால் எழுதியவை நனைந்தால் அழியும், பென்சிலால் எழுதியவை நிற்கும். கைப்பேசித் தொடர்பு எல்லா ஊர்களிலும் ஒரே அளவில் கிடைக்காது என்பதால், வீட்டாருக்கு அதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நலம். பணத்தைச் சிறு தாள்களாகக் கொண்டு செல்ல வேண்டும். வழக்கமாக உண்ணும் மருந்து எதுவாயினும் தங்கும் நாள்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். காப்புக்காட்டில் நுழைவதற்கும் செடிகளைத் திரட்டுவதற்கும் வனத்துறையின் இசைவைப் புறப்படுமுன்பே எழுத்தில் பெற்றிருக்க வேண்டும். கொண்டு சென்ற நெகிழிப் பைகளைக் கொண்டே திரும்ப வேண்டும்.

உணவைப் பற்றி ஒரு சொல். நமக்கு உண்ணத்தக்கது இது, தகாதது இது என்பதை வந்த அன்றே பணிவுடன் தெரிவித்துவிட்டால் எவர் மனமும் நோகாது. ஒரு தாய் சமைத்துப் பரிமாறிய பின்பு இலையை விலக்குவதே நோகச் செய்யும். தொழுகை நேரமும் அவ்வாறே. முன்கூட்டிச் சொன்னால் இடம் ஒதுக்கித் தருவார்கள். சொல்லாமல் எழுந்து போனால் தாம் செய்த பிழை யாதோ என்று மயங்குவார்கள்.

அம்மக்கள் யார்

கொல்லிமலையில் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிச் சென்று விழிக்கும் மாணவர் உண்டு. மலையை ஆள்வோர் என்பதே இங்குப் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் மலையேறி வந்தனர் என்னும் மரபுவழிச் செய்தியை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளிவந்த தம் தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு என மலை 14 நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. 'நாடு' என்னும் சொல் சங்க காலத்திலும் சோழர் கல்வெட்டுகளிலும் வழங்கிய நில அலகுப் பொருளில் இன்றும் நடமாடும் இடம் இது. அகராதியில் மட்டும் அச்சொல்லைக் கண்ட மாணவர்க்கு இதைவிடப் பெரிய பாடம் வேறில்லை.

ஆகவே அவர்கள் பேச்சைக் 'கொச்சை' என்று குறிப்பேட்டில் எழுதும் மாணவர் ஆய்வைத் தொடங்கும் முன்பே முடித்துவிட்டவர் ஆவார். ஒரு சொல்லைத் திருத்தி எழுதாமல் அவர்கள் ஒலித்தவாறே எழுதுவது முதற்கடமை. ஊரில் நுழைந்ததும் ஊர்ப் பெரியவரையும் ஊராட்சித் தலைவரையும் கண்டு, வந்த நோக்கத்தைச் சொல்லி இசைவு பெறுவது அதற்கும் முந்திய கடமை. முதல் நாள் குறிப்பேட்டைத் திறவாதிருப்பது நன்று. அன்று நாம் கேள்வி கேட்கும் நாள் அன்று, அவர்கள் நம்மைக் கேள்வி கேட்கும் நாள்.

விதையை அறிந்தவர்கள்

கொல்லிமலையில் கற்பதற்கு என்ன உண்டு? சாமை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரு தானியத்தின் பெயர். அவர்களுக்கோ பெருஞ்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என ஒவ்வொன்றும் தனித்தனி. எது விரைவில் விளையும், எது வறட்சி தாங்கும், எது எந்த மண்ணுக்கு ஏற்றது என்னும் அறிவு அப்பெயர்களோடு சேர்ந்தே வருகிறது. தினையும் கேழ்வரகும் பனிவரகும் அவ்வாறே.

இச்சிறுதானியங்களின் பரப்பு கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பெரிதும் குறைந்தது. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு தேவைப்பட்டது. மரவள்ளி கைக்குப் பணம் தந்தது. நியாயவிலைக் கடை அரிசி அடுப்புக்கு எளிதாயிற்று. சாமையை உரலில் இட்டுக் குத்திப் புடைத்து அரிசியாக்கும் பாடு முழுவதும் பெண்கள் தோளில் கிடந்தது. பயிர் ஏன் மறைகிறது என்று பொருளாதாரம் பேசும் நாம், ஓர் உலக்கையின் எடையை எண்ணிப் பார்ப்பதில்லை. 1988இல் நிறுவப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இங்குப் பணியாற்றத் தொடங்கியபோது, விதை வங்கியோடு உமி நீக்கும் எந்திரத்துக்கும் வழி செய்ய வேண்டியிருந்தது இக்காரணத்தால்தான். ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது உலகம் வியந்து பேசிய தானியங்களை, எவரும் வியவாத காலத்திலும் விதையாகக் காத்து வைத்திருந்தவர்கள் இத்தகைய மலைப் பெண்களே.

இங்கே நம் சமுதாயப் பெரியவர்களிடம் ஒன்றைப் பணிந்து கூற விரும்புகிறோம். மகளிரை வெளியூர்த் தங்கல் ஆய்வுக்கு அனுப்பத் தயங்குகிறீர்கள். தயக்கத்தின் காரணம் எமக்குப் புரியாததன்று. ஆயினும் விதையைத் தெரிவதும் உலர்த்துவதும் சேமிப்பதும் பெண்கள் கையில் உள்ள அறிவு. அடுப்படியிலும் களத்து மேட்டிலும் ஒரு பெண் மற்றொரு பெண்ணிடம்தான் அதை மனம் திறந்து சொல்வாள். நம் பெண்மக்கள் செல்லாவிடில் அவ்வறிவில் பாதி எழுதப்படாமலே போகும். உடன்செல்லும் ஆசிரியைகள் இருவரேனும் வேண்டும், தங்குமிடத்தைத் துறை முன்னரே சென்று பார்த்திருக்க வேண்டும், ஆசிரியைகளின் தொடர்பு எண்கள் பெற்றோர் கையில் இருக்க வேண்டும் என்று கல்லூரியைக் கேளுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை. கேட்டுப் பெற்ற பின் அனுப்பி வையுங்கள்.

கொடுத்தவன் பெயர்

கொல்லிக்கு வந்து பெற்றுச் சென்றவர் வரலாறு இன்று தொடங்கியதன்று. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் தம் சுற்றத்தோடு காட்டு வழியே வருகிறார். வேட்டுவன் போன்ற ஒருவனைக் காண்கிறார். பாடுகின்றனர். தன்னைப் புகழக் கேட்டு அவன் நாணுகிறான். இறைச்சியும் பொன்னும் மணியும் வழியிடையிலேயே ஈகிறான். அவனே வல்வில் ஓரி. அதே புலவர் நள்ளியைப் பாடிய 150ஆம் பாட்டில், ஈந்தவன் தன் நாட்டையும் பெயரையும் சொல்ல மறுத்துவிடுகிறான். புலவரோ விடவில்லை. வழியில் பிறரிடம் கேட்டு, அவன் இன்னான் என அறிந்து பாட்டில் பொறித்து வைக்கிறார்.

இதுவன்றோ ஆய்வு நெறி! கொடுத்தவன் பெயர் வேண்டாம் என்றான். பெற்றவர் தேடிச் சென்று எழுதினார். ஈராயிரம் ஆண்டு கழித்து நள்ளியையும் ஓரியையும் நாம் அறிவது அந்த நன்றியினால்தான்.

இன்றைய ஆய்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள். நெறியாளருக்கு நன்றி, நூலகருக்கு நன்றி, தட்டச்சு செய்தவருக்கும் நன்றி. செய்தி அளித்த மூதாட்டியோ 'தகவலாளி 7, பெண், வயது 60' என்று பின்னிணைப்பில் ஒடுங்கிவிடுகிறார். அவர் சொன்ன மருந்தும் பாட்டும் விதையின் பெயரும் மாணவருக்குப் பட்டமாயின. அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார் இல்லை.

பெயரை மறைப்பதும் சில வேளை கடமையே என்று கூறுவர். உண்மை. குடும்பச் சிக்கலையோ நிலத் தகராற்றையோ சொன்னவர் பெயரை வெளியிடலாகாது. எனவே மறைப்பதா எழுதுவதா என்பதைக் கேட்டுத் தெளிய வேண்டும். அத்தெரிவு சொன்னவருக்கு உரியது, எழுதுபவருக்கு உரியதன்று.

வேறொரு மலையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 1987இல் அகத்தியமலைக் காட்டில் ஓர் ஆய்வுக் குழு நடந்தபோது, வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர் ஒரு செடியின் காயைத் தின்று சோர்வின்றி நடந்தனர். 'ஆரோக்கியப் பச்சை' எனப்படும் அச்செடியிலிருந்து திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் அதன் உற்பத்தி உரிமை கோவை ஆரிய வைத்திய நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. கிடைக்கும் தொகையில் பாதி காணி மக்களுக்கு என முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. எல்லாக் காணியரையும் கலந்து பேசவில்லை என்னும் குறை எழுந்ததும் உண்டு. எனினும் சொன்னவருக்கும் பங்கு உண்டு என்னும் நெறியை உலகம் அங்குக் கண்டது. பின்னர் 2001ஆம் ஆண்டின் பயிர் வகைப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டமும் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டமும் அந்நெறிக்கு நாடளவில் இடம் தந்தன. மூலிகையையும் விதையையும் பற்றிக் கேட்கச் செல்லும் மாணவர் இவ்விரு சட்டங்களின் பெயரையேனும் அறியாமல் செல்லக் கூடாது.

துறைகள் செய்ய வேண்டுவன

இவற்றுக்கெல்லாம் காலம் ஏது, பணம் ஏது என்பர். நாம் கேட்பவை மூன்றே. ஒன்று, ஆய்வேட்டின் முதற்பக்க நன்றியுரையில், இசைவு தந்த ஊராரின் பெயர்கள் நெறியாளர் பெயருக்கு முன்னர் இடம்பெற வேண்டும். இரண்டு, ஆய்வின் சாரத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளை படித்து அறியும் தமிழில் நாலைந்து பக்கமாக எழுதி, அவ்வூர்ப் பள்ளிக்கும் ஊராட்சிக்கும் படி தர வேண்டும். மூன்று, மாணவர் மீண்டும் ஒருமுறை மலையேறி அதை ஊரார் முன் படித்துக் காட்ட வேண்டும். பிழையிருப்பின் அவர்கள் திருத்துவார்கள். அத்திருத்தத்தோடுதான் நெறியாளர் கையொப்பமிட வேண்டும்.

மூன்றாவதே கடினம் என்பதை அறிவோம். மீண்டும் 70 வளைவுகள், மீண்டும் பேருந்துக் கட்டணம். ஆனால் ஆய்வாளனையும் வந்துபோகும் சுற்றுலாப் பயணியையும் பிரித்துக் காட்டுவது அந்த இரண்டாம் பயணமே. சுற்றுலா செல்பவர் ஆகாய கங்கை அருவியைக் கண்டு களித்து இறங்கிவிடுவார். ஆய்வு செய்பவர் திரும்பி வருவார் என்று ஊரார் நம்பினால், அடுத்த ஆண்டு வரும் இளைய மாணவருக்கும் கதவு திறந்திருக்கும். நம்பிக்கை இழந்தால் கதவு திறந்தாலும் வாய் திறவாது.

ஆகவே இவ்வாண்டு கோடைக்கு மலையேறக் காத்திருக்கும் மாணவ மாணவியரே, போர்வையையும் பென்சிலையும் மறவாதீர்கள். தாளின் தலைப்பில் அவ்விரு வினாக்களையும் உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள். செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் காண்பீர்கள். அவன் பெயர் நிலைத்தது ஒரு புலவரின் நன்றியால். உங்களுக்குச் சாமையின் பெயர்களைச் சொல்லித் தரப்போகும் மூதாட்டியின் பெயர் நிலைப்பது உங்கள் நன்றியால்தான்.