குப்பைக்குப் போன கமடோர்

போன சனிக்கிழமை இங்கே டாலஸ்ல ஒரு த்ரிஃப்ட் ஸ்டோருக்குப் போயிருந்தேன். பின்வாசல் குப்பைத் தொட்டியில் ஒரு கமடோர் 64! யாரோ தானமாகக் கொடுத்ததாம். "பழைய கம்ப்யூட்டர் எதையும் விக்கக்கூடாது, ரூல்ஸ்"னார் கடைக்காரர். காசு தர்றேன்னு கெஞ்சியும் தரலை.

ஏன்னு கேட்டால், உள்ளே கொடுத்தவரோட சொந்தத் தகவல் இருக்குமாம். அட சாமி! 1982-ல் வந்த அந்தப் பெட்டிக்குள்ள ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. இருக்கிறது 64 கேபி மெமரி. சுவிட்சை அணைச்சா அதுவும் காலி. ஓட்டிப் பார்க்க ஆளில்லையா? "ஓடுமான்னு தெரியாது"ன்னு சீட்டு ஒட்டி பத்து டாலருக்கு வையுங்க. சுவர்க்கடிகாரத்தை அப்படித்தானே விக்கிறீங்க?

2015-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பெண்மணி மறுசுழற்சி நிலையத்தில் கொடுத்துட்டுப் போன பெட்டிகளில் ஆப்பிள்-1 இருந்தது. 2 லட்சம் டாலருக்கு வித்தாங்க. விலையை விடுங்க, பிரிச்சுப் பார்த்தாங்களே, அதுதான் விஷயம்.

குப்பையில் போடணும்னா கொடுத்தவருக்கே போடத் தெரியாதா? வேற யாருக்காவது பயன்படட்டும்னுதானே உங்ககிட்ட தூக்கிட்டு வந்தார்?