"ஆமை மாறவே இல்ல"ன்னு ஃபார்வர்டு பண்றவங்களுக்கு

"ஆமை 20 கோடி வருஷமா மாறவே இல்ல, அப்புறம் எங்க பரிணாமம்?" இந்த வாரம் மட்டும் நாலு குரூப்புல வந்துடுச்சு. அதுல ரெண்டு டாக்டர்ங்க குரூப். அதனாலதான் இந்த த்ரெட்.

மாறலைங்கிறதே பொய். சீனாவுல கிடைச்சு 2008ல அறிவிக்கப்பட்ட ஒடோன்டோகெலிஸ் சுமார் 22 கோடி வருஷப் பழசு. வாயில பல் இருக்கு. வயித்துப்பக்கம் ஓடு இருக்கு, முதுகுல முழு ஓடு கிடையாது. இன்னைக்கு இருக்குற எந்த ஆமைக்காவது பல் இருக்கா?

சீனா வேணாம், மும்பைக்கு வாங்க. எரிமலைப் பாறைகளுக்கு நடுவுல இருந்த ஏரிப் படிவுல கிடைச்ச நன்னீர் ஆமைக்கு 1852ல கார்ட்டர்ங்கிற கம்பெனி சர்ஜன் 'லெய்த்தியை'ன்னு பேர் வச்சார். அந்த லெய்த்தும் பம்பாய் டாக்டர்தான். (அந்தக் கால டாக்டருங்க ஓய்வு நேரத்துல கல்லைப் பார்த்திருக்காங்க. நாம ஃபார்வர்டு அனுப்புறோம்.)

அதே லெய்த் பேர்ல உயிரோடயும் ஒரு ஆமை இருக்கு: நில்சோனியா லெய்த்தியை. ஓடு தோல் மாதிரி மெத்துன்னு இருக்கும். காவிரியிலயும் உண்டு.

பேர் ஒண்ணு, சொந்தம் ரொம்ப தூரம். கழுத்தைப் பாருங்க. கழுத்தெலும்பு நமக்கு 7, ஆமைக்கு 8. காவிரி ஆமை அதை எஸ் மாதிரி மேலும் கீழுமா மடிச்சு உள்ள இழுக்கும். மும்பை ஆமை பக்கவாட்டுல மடிக்கிற கூட்டம். அதுங்களுக்கு இடுப்பெலும்பே ஓட்டோட ஒட்டியிருக்கும். அந்தக் கூட்டம் இன்னைக்கு ஆப்பிரிக்காவுல, மடகாஸ்கர்ல, தென் அமெரிக்காவுல இருக்கு. ஒரு காலத்துல இந்தியாவோட கோண்டுவானாவா ஒட்டியிருந்த நிலங்கள் அதெல்லாம். இந்தியாவுல மட்டும் சொந்தமா ஒண்ணு கூட மிஞ்சல. நம்ம ஆத்துல இப்போ இருக்கிறது எல்லாமே கழுத்தை உள்ள இழுக்குற கிளை. எதுவுமே மாறலைன்னா இது எப்படி நடந்துச்சு?

"ஆமை கதை டாக்டருக்கு எதுக்கு?" சளிக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கி முழுங்குறோம். அப்புறம் கல்ச்சர் ரிப்போர்ட்ல வரிசையா 'ரெசிஸ்டன்ட்'. வார்டுல நான் பாக்குற பரிணாமம் அதுதான். 2023ல என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்துல இருந்து பரிணாமத்தைத் தூக்கிட்டாங்க. மேல் வகுப்புல இருக்குன்னு சமாதானம் சொல்றாங்க. பத்தோட அறிவியலை விடுற பிள்ளைங்க எங்க போய் படிக்கும்?

இன்னொரு கும்பல்: "டைனோசரே போச்சு, ஆமைக்கு ஒண்ணும் ஆகாது." மும்பை ஆமையோட கூட்டம் இங்க அழிஞ்சதை இப்பதான் சொன்னேன். நில்சோனியா லெய்த்தியை ஐயூசிஎன் பட்டியல்ல மிக அருகிய இனம். கறிக்காகப் பிடிக்கிறாங்க.

அந்த ரெண்டு குரூப்லயும் இந்த லிங்க்கைப் போட்டுட்டேன். பதில் சொல்லுங்க சார். ஒடோன்டோகெலிஸ் பல்லுல இருந்து ஆரம்பிங்க.