சோலார் போட்டா கரண்ட் பில் மிச்சமாமே... எந்த பில்லுங்க?

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்க டீம் நண்பர் ஒருத்தர் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே தமிழ்நாட்டின் மின்சாரப் பிரச்சினையைத் தீர்த்து வைத்தார். ரொம்பச் சுலபம். விவசாயிகளுக்குக் கொடுக்கிற இலவச மின்சாரத்தைப் பிடுங்க வேண்டியது, ஆளுக்கு ஒரு சோலார் பம்ப் கொடுக்க வேண்டியது. "அவங்களுக்கு கரண்ட் பில் மிச்சம், நமக்கு டாக்ஸ் மிச்சம். சிம்பிள் பாஸ்."

நான் வாயைத் திறக்கலை. அப்ரைசல் நேரம், அவர் எனக்கு சீனியர் வேற. அங்கே முழுங்கினதை இங்கே கொட்டுகிறேன். பாவம் நீங்கதான் :-)

முதல் கேள்வி. எந்த பில் மிச்சம்? தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகளுக்கு பில்லே கிடையாது. பூஜ்யத்தில் எதை சார் மிச்சம் பிடிக்கிறது? சோலார் போட்டால் மிச்சமாவது அரசாங்கத்தின் காசு, வருசத்துக்குப் பல ஆயிரம் கோடி. அது மிச்சமாகட்டும், தப்பே இல்லை. ஆனால் அதை "விவசாயிக்கு லாபம்" என்று பேனர் கட்டி விற்கும்போதுதான் எனக்கு எரிகிறது.

அந்த இலவசமும் யாரோ மனசு இரங்கிப் போட்ட பிச்சை இல்லை. 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நடந்த போராட்டத்தில், திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோயமுத்தூரையே முடக்கினார்கள். அதுக்கெல்லாம் பிறகு, 1989-91 கருணாநிதி ஆட்சியில்தான் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்று ஆனது. எங்க அப்பாரு (தாத்தாவை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) இந்தக் கதையை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் வண்டிகளோட எண்ணிக்கை கூடிக்கிட்டே போகும், அது வேற விஷயம்.

சரி, மேட்டருக்கு வருவோம். எங்க தோட்டம் தாராபுரம் பக்கம். நாலு ஏக்கர். முருங்கை, சின்ன வெங்காயம், கொஞ்சம் சோளத்தட்டு, கட்டுத்தரையில் நாலு உருப்படி. கிணறு ரெண்டு. மேக்கால கிணறு பெரியப்பாவுக்கும் எங்களுக்கும் பொது. சர்வீஸ் பெரியப்பா பேரில், 5 எச்பி மோட்டார், இலவச மின்சாரம், முறை வைத்து இறைப்போம். கிழக்கால கிணறு அப்பாவுடையது. அதுக்கு கரண்ட் இல்லை. எழுதிப்போட்டு வருசக்கணக்காகக் காத்திருந்தோம். 2021-ல் அரசாங்கம் ஒரு லட்சம் புது விவசாய இணைப்பு கொடுத்ததே, அப்பவும் எங்க முறை வரலை. தட்கல் என்று ஒரு வழி உண்டு. 5 எச்பிக்கு ரெண்டரை லட்சம் கட்டினால் க்யூவைத் தாண்டலாம். ரெண்டரை லட்சம் கட்டி 'இலவச' மின்சாரம் வாங்குகிற ஊர் உலகத்தில் வேறெங்கே இருக்கோ தெரியலை.

அதனால கிழக்கால கிணத்துல ஆயில் என்ஜின்தான். மணிக்கு சுமார் ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். லிட்டர் 92 ரூபாய் சொச்சம். அஞ்சு மணி நேரம் இறைத்தால் 460 ரூபாய். வருசத்தில் நூறு நாள் என்றால் 46 ஆயிரம். இதைத்தான் நான் எக்செல்லில் போட்டு அப்பாவிடம் காட்டினேன். 5 எச்பி சோலார் பம்ப், மத்திய அரசு 30 சதம், மாநில அரசு 30 சதம், வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியம். எங்க பங்கு ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. மூணரை வருசத்தில் போட்ட பணம் திரும்பிடும். வரைபடம் எல்லாம் கலர் கலராப் போட்டிருந்தேன். அப்பா கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "சரி கண்ணு, நீ படிச்சவன் சொல்ற" என்றார். 2024-ல் போட்டோம்.

அந்தக் கணக்கு தப்பாகலை. அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். டீசல் செலவு நின்றது. ஆவணி, புரட்டாசியிலும் சரி, சித்திரையிலும் சரி, காலையில் எட்டரை மணிக்கு மேல் தண்ணி வருது. என்ஜின் சத்தம் இல்லை, புகை இல்லை. இன்னொரு விஷயம், எந்த எக்செல்லிலும் வராதது. மேக்கால கிணத்துல த்ரீ ஃபேஸ் ராத்திரி வந்தால், முறை எங்களுடையது என்றால், அப்பா ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சும் தடியுமாகப் போய் மடை திருப்பணும். கட்டுவிரியன் கிடக்கிற வரப்பு. கிழக்கால கிணத்துக்கு அந்த வேலை இல்லை. சோலாரால் விவசாயிக்கு உண்மையில் கிடைக்கிற லாபம் என்ன என்று கேட்டால் நான் பகல் தண்ணி என்றுதான் சொல்வேன். கரண்ட் பில் இல்லை.

அப்புறம் எதுக்குடா இந்தப் பதிவு என்கிறீர்களா? இனிமேல்தான் இருக்கு.

என்ஜின் இருந்தவரைக்கும் அப்பா மணி பார்த்து இறைப்பார். முருங்கைக்குச் சொட்டுநீர் போதும், வெங்காயத்துக்கு மூணு நாளைக்கு ஒருக்கா போதும் என்று கணக்காக நிறுத்துவார். காரணம், ஒவ்வொரு மணி நேரமும் 92 ரூபாய். இப்ப? வெயில் இருந்தால் மோட்டார் ஓடுது. வெங்காயத்துக்கு விட்டு முடித்து, சோளத்தட்டுக்கு விட்டு, அதுவும் முடிந்தால் தென்னங்கன்றுக்கு வாய்க்காலில் திருப்பி விடுகிறார். போன தடவை ஊருக்குப் போனப்போ கிணற்றை எட்டிப் பார்த்தேன். எப்பவும் தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்கிற படி நாலு வெளியே தெரிஞ்சுது. "ஏனுங்ப்பா, இத்தனை எறைக்கணுமா?" என்றேன். "சும்மா வருது, உட்டா வீணாத்தான போகுது" என்றார்.

இந்த பதிலில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் பிரச்சினையே. அந்த பேனலை வைத்து அவர் செய்யக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான். தண்ணி இறைக்கலாம், இல்லாட்டி பேனலைச் சும்மா விடலாம். மூணாவதாக ஒரு வழியை நாம் அவருக்குக் கொடுக்கவே இல்லை. சாப்பாட்டு மேஜையில் நிலத்தடி நீர் போச்சு, விவசாயி பொறுப்பில்லாம இறைக்கிறான் என்று பேசுகிற அதே ஆட்கள்தான், ஓடுகிற செலவு சுத்தமாகப் பூஜ்யமான ஒரு மெஷினை அவர் கையில் கொடுத்துவிட்டு, "எல்லாருக்கும் இதைக் கொடு" என்கிறார்கள். மின்சாரத்தில் பம்ப் ஓடினால் கட் என்ற ஒரு கடிவாளமாவது இருக்கு. வெயிலுக்கு அதுவும் கிடையாது.

சின்ன கணக்கு ஒண்ணு (ரெண்டு நிமிஷம் பொறுத்துக்குங்க, இஞ்சினியரிங் படிச்ச தோஷம்). எங்க பேனல் 4.8 கிலோவாட். நம்ம வெயிலுக்கு ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் வைத்தாலும் 19 யூனிட். வருசத்துக்கு சுமார் 7000 யூனிட். மழை நாள், அறுவடை இடைவெளி, கோடையில் கிணறு வத்திப்போய் ரெண்டு மணி நேரத்தில் மோட்டார் காத்து இழுக்கிற நாள், எல்லாம் கழித்தால் பம்ப் ஒழுங்காக ஓடுவது வருசத்தில் பாதி. மிச்சம் 3500 யூனிட் உருவாகவே இல்லை. வாங்க ஆள் இல்லாததால் பேனல் வெயிலில் சும்மா காயுது. மயில் வந்து உட்கார்ந்து எச்சம் போடுது, அப்பா துடைக்கிறார்.

இதில் வேடிக்கை, எங்க தோட்டத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலைதான். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் காத்தில் அது பாட்டுக்குச் சுத்தி மின்சாரத்தை விக்குது. மூணு கம்பம் தள்ளி லைன் போகுது. பெரிய முதலாளி காத்தை விக்கலாம், எங்கப்பா வெயிலை விக்கக் கூடாதா?

இது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். குஜராத்தில் கேடா மாவட்டத்தில் துண்டி என்று ஒரு கிராமம். 2016-ல் அங்கே ஆறு விவசாயிகள், அதுவரைக்கும் டீசல் என்ஜின் வைத்து இறைத்தவர்கள், சோலார் பம்ப் போட்டு ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். ஆறு பம்பையும் ஒரே கம்பியில் இணைத்து, ஒரே ஒரு மீட்டர் வைத்து, இறைத்தது போக மிச்சத்தை மின் வாரியத்துக்கு விற்றார்கள். 25 வருச ஒப்பந்தம், யூனிட் 4.63 ரூபாய். பதிலுக்கு மானிய மின் இணைப்பு கேட்கிற உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். கவனிங்க, யாரும் பிடுங்கலை. விலை பேசி வாங்கினார்கள். இதற்குப் பின்னால் இருந்த துஷார் ஷா என்கிற தண்ணீர் ஆராய்ச்சியாளர் வெயிலையும் ஒரு பயிராகப் பார்க்கச் சொன்னவர். பூச்சி விழாத, உரம் கேட்காத பயிர். 2018-ல் குஜராத் அரசே சூர்யசக்தி கிசான் யோஜனா என்று கொண்டுவந்தது. முதல் ஏழு வருசம் யூனிட்டுக்கு 7 ரூபாய், அப்புறம் 18 வருசம் மூணரை ரூபாய்.

மத்திய அரசு 2019-ல் ஆரம்பித்த பிஎம் குசும் திட்டத்திலேயே இதுக்கு இடம் இருந்தது. அதில் 'சி' பிரிவு, ஏற்கெனவே மின் இணைப்பு உள்ள பம்புக்கு சோலார் போட்டு மிச்சத்தை விற்கிறது. மோட்டார் அளவைப் போல ரெண்டு மடங்கு வரை பேனல் வைக்கலாம். 2022-க்குள் முடிப்பதாக இருந்ததை 2026 மார்ச் வரை நீட்டினார்கள். ஆனால் ஊர் ஊராக போஸ்டர் அடித்து விற்கப்பட்டதெல்லாம் 'பி' பிரிவுதான், எங்களுடையது மாதிரி தனியாக நிற்கிற பம்ப். ஏன்னா அதை விற்கிறது சுலபம். பொருத்தினோமா, போட்டோ எடுத்தோமா, மானியம் வாங்கினோமா, கிளம்பினோமா. வருசா வருசம் விவசாயிக்குப் பணம் கொடுக்கிற வேலை அதில் இல்லை பாருங்க.

கம்பெனிக்காரங்க கதை ஒண்ணு சொல்லியே ஆகணும். போன சித்திரையில் எங்க கன்ட்ரோலர் ஏதோ எர்ரர் காட்டிப் படுத்துக்கிச்சு. பதினேழு நாள். போன் பண்ணினால் "சார், எங்க சர்வர்ல உங்க பம்ப் ஓடுதுன்னு காட்டுதே" என்கிறார்கள். ஆமாம், ஒவ்வொரு பம்புக்கும் ரிமோட் மானிட்டரிங் இருக்கு. சிம் கார்டு போட்டு டேட்டா எங்கேயோ போகுது. எங்கேயோ இருக்கிற சர்வருக்கு எங்க பம்பைப் பத்தித் தெரியும், கிணத்து மேட்டில் உட்கார்ந்திருக்கிற எங்கப்பாவுக்கு ஒரு எழவும் தெரியாது. சாஃப்ட்வேர்காரன் என்ற முறையில் எனக்கு இதை விட அவமானம் வேறில்லை. பதினெட்டாம் நாள் ஒரு பையன் வந்து ஒரு கனெக்டரை மாத்திட்டு அஞ்சு நிமிஷத்தில் போனான். அதற்குள் வெங்காயத்தில் கால்வாசி கருகிடுச்சு. நடுவில் பெரியப்பா தன் முறையில் ரெண்டு நாள் விட்டுக்கொடுத்தார். இலவச மின்சாரம் இருக்கே, அது காப்பாத்தினதுதான் மீதி முக்கால்வாசி. இதையும் அந்தத் தயிர்சாத நண்பர் படிக்கணும்.

மீட்டர் வைக்கலாம்னு அப்பாகிட்ட பேசிப் பார்த்தேன். முகமே மாறிடுச்சு. "மீட்டர் வந்தா பின்னாடியே பில்லும் வருங்கண்ணு. அப்பாரு சொன்னதெல்லாம் மறந்துபோச்சா?" பயம் நியாயமானது. 2020-21-ல் டெல்லி எல்லையில் உட்கார்ந்த விவசாயிகள் மூணு வேளாண் சட்டத்தோட மின்சாரத் திருத்த மசோதாவையும் சேர்த்துத்தான் எதிர்த்தார்கள். மானியத்தை அப்புறம் வங்கியில் போடுகிறோம், இப்போ பில்லைக் கட்டு என்ற பேச்சை நம்பி யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். கேஸ் மானியம் என்ன ஆச்சு என்று எல்லாருக்கும் தெரியும்.

அதனால் நான் கேட்கிற மீட்டர் வெளியே போகிற கரண்டை மட்டும் எண்ணுகிற மீட்டர். உள்ளே வருவதை எண்ணாதே. இலவசத்தில் கை வைக்காதே. பேனல் இருக்கிறவன் அனுப்புகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு கொடு, மாசா மாசம் கொடு. ரெண்டு வருசம் ஒழுங்காகக் கொடுத்துக் காட்டு. அப்புறம் பார், இறைக்கலாமா விக்கலாமா என்று அவரே கணக்குப் போடுவார். டீசலுக்கு மணி பார்த்த மனுஷனுக்கு இது தெரியாதா? மூணரை ரூபாய் என்றாலே 3500 யூனிட்டுக்கு வருசம் 12,250 ரூபாய்.

நேத்து ராத்திரி போனில் இதையே வேற மாதிரி கேட்டேன். "ஏனுங்ப்பா, மோட்டாரை நிறுத்தி வெச்சா யூனிட்டுக்கு எவ்வளவு குடுத்தா கட்டும்?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நாலு ரூவா குடுத்தா தென்னங்கன்னுக்கு நிறுத்தீருவேன். வெங்காயத்துக்கு எத்தனை குடுத்தாலும் நிறுத்த மாட்டேன்" என்றார்.

உங்க வீட்டிலும் கிணறும் மோட்டாரும் இருக்கிறவங்க, இந்தக் கேள்வியை ஒருக்கா கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல போடுங்க. எந்தப் பயிருக்கு எவ்வளவுன்னு சேர்த்துப் போடுங்க.

டிஸ்கி: எக்செல் ஃபைல் வேணுங்கிறவங்க சொல்லுங்க, அனுப்பி வைக்கிறேன். தண்ணிக்கு ஒரு காலம் இப்பத்தான் சேர்த்திருக்கேன்.