பெட்டியின் சாவி

ஒன்பதாம் வகுப்புப் பையன். அம்மா கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பள்ளியிலிருந்து கொடுத்தனுப்பிய துண்டுச் சீட்டில் ‘கவனக்குறைவு, அடிக்கடி விடுப்பு’ என்று இருந்தது. தூக்கம், பசி, சோர்வு, குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி உண்டா என்று வழக்கமான வரிசையில் கேட்டு முடித்தேன். மனச்சோர்வு வினாப்பட்டியலில் மிதமான அளவு வந்தது. மருந்து இப்போதைக்கு வேண்டாம், மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தபோதுதான் பையன் வாயைத் திறந்தான். “மேடம், வேற செக்‌ஷனுக்கு மாத்தச் சொல்லி எழுதித் தருவீங்களா?”

அவன் வகுப்பில் விடைத்தாளை மதிப்பெண் வரிசைப்படி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். கடைசியில் வாங்கும் ஏழெட்டுப் பேர் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் போகிறார்கள். மாலையில் அவர்களுக்குத் தனி வகுப்பு. மற்ற பிள்ளைகள் இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “டேய் மெல்ல, இங்க வாடா.” புண்படுத்தக் கூடாது என்று யாரோ அக்கறையோடு தேடிப்பிடித்த சொல் அது. வராந்தாவுக்குப் போனதும் பட்டப்பெயராகிவிட்டது.

என் கேஸ் ஷீட்டில் இதை எழுத இடமில்லை. பிறந்தபோது அழுதானா, எந்த மாதத்தில் நடந்தான் என்பதற்கெல்லாம் கட்டம் போட்டிருக்கிறோம். ‘கல்வி வரலாறு’ என்ற தலைப்புக்கு எதிரே ஒரே ஒரு வரி. அதில் ‘ஒன்பதாம் வகுப்பு, சராசரி’ என்று எழுதியிருந்தேன்.

இந்த மனநல மருத்துவ இதழுக்கு வளரிளம் பருவத்தினரைப் பற்றி வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவையும் அந்த ஒற்றை வரியைப் போலத்தான் இருக்கின்றன. ஓர் ஊர், இரண்டு மூன்று பள்ளிகள், ஒரு வினாப்பட்டியல், கடைசியில் ஒரு சதவீதம். எந்தப் பள்ளியில் சதவீதம் கூடியது, ஏன் அங்கே கூடியது என்று திருப்பிக் கேட்டு எழுதினால் பதில் வருவதில்லை. பிள்ளைகளை அளந்துவிட்டோம். நாள் முழுக்க அவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையை யாரும் அளக்கவில்லை.

சமூகக் காரணிகளை அட்டவணையின் அடியில் ஒதுக்கிவிட முடியாது என்பதை வேலூருக்குப் பக்கத்துக் கணியம்பாடி நமக்கு எப்போதோ சொல்லிவிட்டது. ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள்தொகை கொண்ட அந்த ஒன்றியத்தில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையினர் சாவுகளை வீட்டாரிடம் நேரில் விசாரித்துப் பதிந்துவந்தார்கள். 1992 முதல் 2001 வரையிலான பதிவுகளை வைத்து அவர்கள் 2004இல் லான்செட்டில் எழுதியது இரண்டே பக்கம். 10 முதல் 19 வயதுக்குள் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு ஆண்களில் 58, பெண்களில் 148. அந்த வயதில் இறந்த பெண்களில் பாதி முதல் முக்கால்வாசி வரை தற்கொலையால் இறந்தவர்கள். ஆண்களே கூடுதலாகத் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று நாம் மனப்பாடம் செய்த பாடம் அந்தக் கிராமங்களில் தலைகீழாக இருந்தது. இதற்கு மூளை வேதியியலில் விளக்கம் தேடிப் பயனில்லை. பதினேழு வயதுப் பெண்ணுக்கு அந்த வீட்டில் என்ன இடம் இருந்தது, அவள் கல்யாணப் பேச்சில் அவளைக் கேட்டார்களா என்றுதான் பார்க்க வேண்டும். அந்தக் கட்டுரை வந்து இருபது ஆண்டு தாண்டிவிட்டது. அதை மேற்கோள் காட்டுகிறோம். அது காட்டிய பக்கம் நடக்கத்தான் இல்லை.

காரணம் சமூகத்தில் இருந்தால் மருத்துவர் என்ன செய்துவிட முடியும் என்ற சலிப்பு நம் தொழிலில் உண்டு. அதற்கு நான் அறிந்தவரை சரியான பதில் பீகாரின் நாளந்தா மாவட்டத்திலிருந்து வந்தது. சங்கத் என்ற தொண்டு அமைப்பினர் அங்கே 74 அரசுப் பள்ளிகளில் நடத்திய சேஹர் ஆய்வின் முடிவு 2018இல் லான்செட்டில் வெளியானது. வழக்கமான வளரிளம் பருவக் கல்வி வகுப்பு எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. ஒரு பிரிவுக்கு அதோடு சரி. இரண்டாம் பிரிவில் கூடுதலாகச் சேஹர் திட்டத்தை அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவரே நடத்தினார். மூன்றாம் பிரிவில் அதே திட்டத்தை நடத்த ஓர் ஆலோசகரைப் பள்ளியில் உட்காரவைத்தார்கள். அவர் மனநலப் பட்டம் பெற்றவர் அல்லர், பயிற்சி மட்டும் பெற்றவர். சேஹர் மித்ரா என்று பெயர். காலைக் கூட்டத்தில் பேச்சும் நாடகமும், சுவர் இதழ், குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி, மாணவர் குழு, கேட்டு வருபவர்களுக்குத் தனியே ஆலோசனை. இவ்வளவுதான் திட்டம். புதிதாக யாரும் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் பற்றிய மதிப்பீட்டில் விளைவளவு 1.88. கேலியும் கொடுமையும் குறைந்ததில் 0.47. மனச்சோர்வில் 0.27. ஆசிரியரே நடத்திய பள்ளிகளில் பலன் ஏதும் தென்படவில்லை. கையேடு ஒன்றுதான், மாவட்டமும் ஒன்றுதான்.

1.88 என்ற எண்ணைப் பார்த்தால் எனக்கும் சந்தேகம் வருகிறது. நம் துறையில் இவ்வளவு பெரிய விளைவு தினம் கிடைக்கும் சரக்கல்ல. பிள்ளைகளே சொன்ன பதில், எந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் எண் கொஞ்சம் ஊதியிருக்கலாம். பாதியாக வெட்டினாலும் மிச்சம் பெரிதுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அந்த மூன்று எண்கள் இறங்கும் வரிசை. பள்ளியின் காற்று நன்றாக மாறியது, கொடுமை ஓரளவு குறைந்தது, நோய்க்குறி கொஞ்சம் இறங்கியது. இரண்டாம் ஆண்டும் தொடர்ந்து பார்த்தபோது விளைவு கூடியது, கரையவில்லை.

ஐரோப்பாவிலிருந்தும் இதே திசையில் இரண்டு செய்திகள். பத்து நாடுகளில் 168 பள்ளிகளில் 11,110 மாணவர்களோடு நடந்த செய்ல் ஆய்வு (2015) மூன்று வழிகளைச் சோதித்தது. ஆபத்தில் இருக்கும் மாணவரைக் கண்டுபிடிக்க ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தது பலிக்கவில்லை. வினாப்பட்டியல் கொடுத்துச் சலித்தெடுத்ததும் பலிக்கவில்லை. மாணவர்களே நடித்துப் பேசி விவாதித்த இளைஞர் விழிப்புத் திட்டத்தில் மட்டும் ஓராண்டுக்குள் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. பிரிட்டனில் எட்டாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களைக் கொண்டு மைண்ட்ஃபுல்னெஸ் சொல்லிக்கொடுத்த மிரியட் ஆய்வு 2022இல் கையை விரித்துவிட்டது. வகுப்பில் கற்றதைப் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கவே இல்லை. பள்ளியில் யோகா பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை.

இதை வைத்து ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் பெரிய அநியாயம். வாரம் முழுக்கப் பாடவேளை, இடையில் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், தேர்ச்சி விகிதம் குறைந்தால் விளக்கக் கடிதம். அந்த மனிதரிடம் இன்னொரு கையேட்டையும் கொடுத்துவிட்டு விளைவில்லை என்று அறிக்கை எழுதுகிறோம். நேரம் கிடைத்தாலும் சிக்கல் தீராது. மதிப்பெண் போடுபவரிடம், அப்பாவை அழைத்து வரச்சொல்லும் அதிகாரம் உள்ளவரிடம், ஒரு பிள்ளை எதைச் சொல்லும், எதை விழுங்கும்? என்னிடம் வந்த அந்தப் பையனைப் பற்றிப் பேச வந்த வகுப்பாசிரியை நல்லவர். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்” என்று வருத்தப்பட்டார். விடைத்தாளை வரிசைப்படி கொடுப்பவர் அவர்தான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

போனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பெற்றோர் விடமாட்டார்கள். ஆர்பன், ஷிபில்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2019இல் மூன்று லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம் வளரிளம் பருவத்தினரின் தரவை அலசினார்கள். மனநலனில் காணும் வேறுபாட்டில் மின்திரைப் பயன்பாட்டால் விளக்கக்கூடியது அதிகபட்சம் 0.4 சதவீதம். அதே ஆய்வின் அமெரிக்கத் தரவில், கொடுமைக்கு ஆளாவதற்கும் மனநலக் குறைவுக்கும் உள்ள தொடர்பு அதைப் போல நான்கு மடங்குக்கு மேல். ஒரு சில பிள்ளைகளைப் போன் கடுமையாகப் பாதிக்கிறது, அதை நாம் தினமும் பார்க்கிறோம். ஆனாலும் ‘எவ்வளவு நேரம் போன் பார்ப்பாய்?’ என்ற கேள்வி நம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. ‘உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?’ என்பது இல்லை.

பட்டப்பெயர் பல நேரம் மதிப்பெண்ணிலிருந்து வருவதில்லை, தெருவிலிருந்து வருகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய வழக்கில் பிடிபட்டவர்கள் பள்ளி மாணவர்கள். அதையொட்டி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடை செய்யச் சொன்னதைத்தான் எல்லோரும் பேசினார்கள். 500 மாணவர்களுக்கு மேல் உள்ள உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்ற பரிந்துரை அரசியல் சத்தத்தில் அமுங்கிவிட்டது. பாடம் நடத்தாத, மதிப்பெண் போடாத ஒருவர் பள்ளிக்குள் இருக்க வேண்டும். நாளந்தாவின் ஆலோசகருக்கும் இந்த அலுவலருக்கும் பெயர்தான் வேறு. சாதிப் பிரச்சினை நம் துறைக்கு வெளியே என்று நினைத்து அந்த அறிக்கையை நாம் படிக்காமல் விட்டோம். கையில் எந்த நிறக் கயிறு என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளும், ஒதுக்கும் வகுப்பில் ஐந்து வருடம் உட்கார்ந்த பிள்ளையின் பதற்றத்துக்கு வேறு எந்தத் துறை பொறுப்பு?

பையனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். செக்‌ஷன் மாற்றினார்கள். மூன்று வாரத்தில் வினாப்பட்டியல் எண் பாதியாக இறங்கியது. சிகிச்சை வெற்றி என்று கேஸ் ஷீட்டை மூடிவிடலாம். பழைய வகுப்பில் அந்தப் பட்டியல் இன்னும் இருக்கிறது, அவன் இடத்தில் இப்போது வேறு யாரோ.

நாளந்தாவில் வைத்ததுபோன்ற குறைப் பெட்டி நம்மிடமும் உண்டு. அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று எழுதி வைத்திருப்பதை முகாம்களுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். நான் போன ஒரு பள்ளியில் அது தலைமையாசிரியர் அறை வாசலில், அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் எல்லோர் கண்ணும் படும் இடத்தில் மாட்டியிருந்தது. பூட்டுத் துளையைச் சிலந்தி அடைத்திருந்தது. திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். “சாவி எச்.எம். டிராயர்ல இருக்கும் மேடம், அவர் மீட்டிங் போயிருக்கார்” என்றார் எழுத்தர்.

அடுத்த இதழிலிருந்து, பள்ளி மாணவரிடம் நடத்திய ஆய்வுகளை அனுப்புபவர்கள் வினாப்பட்டியல் முடிவுகளோடு அந்தப் பள்ளியைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி இணைக்க வேண்டும் என்று ஆசிரியர் குழு முடிவு செய்திருக்கிறது. பெஞ்சில் உட்காரும் வரிசையை யார் தீர்மானிக்கிறார்கள், விடைத்தாள் எப்படிக் கைக்கு வருகிறது, எத்தனை கழிப்பறைகளுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, பாடம் நடத்தாத பெரியவர் ஒருவராவது வளாகத்தில் உண்டா, பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது. பள்ளியின் பெயர் வேண்டாம்.