ஜுரம் வந்தவன் குற்றவாளியா?

2021-ஆம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி, திங்கட்கிழமை. முதல் நாள்தான் தேர்தல் முடிவுகள் வந்திருந்தன. ஊர் முழுக்க அதையே பேசிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் எதிர்வீட்டு நண்பர், முகக்கவசத்தைச் சரி செய்துகொண்டு, கேட்டுக்கு வெளியே நின்றபடி என்னைக் கூப்பிட்டது வேறு விஷயத்துக்காக.

"சங்கதி தெரியுமா சார்? இன்றைக்கு ஆமதாபாத் மேட்ச் கிடையாதாம். அந்த வருண் கெடுத்துவிட்டான்!"

"என்ன செய்தான்?"

"கொரோனாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்!"

கடைத்தெருவுக்குப் போய்ச் சொத்தைக் கத்தரிக்காய் வாங்கி வந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்கவில்லை. "அப்படியானால் நம் சென்னை மேட்சும் நின்றுபோகுமோ?" என்றும் கேட்டேன். இந்தக் கட்டுரையில் நான் யாரைச் சாடப் போகிறேனோ, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நடந்தது இதுதான். அந்த வருஷத்து ஐ.பி.எல். பந்தயம் ஏப்ரல் 9-ந் தேதி சேப்பாக்கத்தில், ஆளில்லாத காலரிகளுக்கு முன்னால் தொடங்கியது. மே 3-ந் தேதி கோல்கத்தா அணியைச் சேர்ந்த வருண் சக்கரவர்த்தி, சந்தீப் வாரியர் இருவருக்கும் தொற்று என்று தெரிந்தது. இருவருமே அப்போது நம் தமிழ்நாட்டு அணிக்கும் ஆடியவர்கள். மறுநாள் ஹைதராபாத் அணியின் சாஹா, டில்லி அணியின் அமித் மிஸ்ரா. 60 ஆட்டங்களில் 29 முடிந்திருந்த நிலையில் எல்லாம் நிறுத்தப்பட்டது. தேசத்தில் ஒரே நாளில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் நோய் கண்டுகொண்டிருந்த சமயம் அது. டில்லியில் பிராணவாயு சிலிண்டருக்காக ஜனங்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள்.

இந்த நேரத்தில் ரசிக மகாஜனங்கள் என்ன கேட்டார்கள்? "அவன் ஏன் வெளியே போனான்?" "யார் அவனை விட்டது?" "எங்கள் புள்ளிகள் என்ன ஆகும்?" சென்னை ரசிகருக்கோ விசேஷமான குறை. 2020-ல் எட்டு அணிகளில் ஏழாவதாக வந்து தலைகுனிந்தவர் அவர். இந்த முறை 7 ஆட்டங்களில் 5-ஐ ஜெயித்து இரண்டாவது இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதற்குள் எவனோ ஒருவனுக்குக் காய்ச்சல்! அந்த எவனோ ஒருவனுக்கு மூச்சு சரியாக வருகிறதா என்று அவர் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் கேட்கவில்லை.

"கோடிக்கணக்கில் வாங்குகிறவன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா?" என்கிறார் நண்பர். வருணை 4 கோடிக்கு ஏலத்தில் எடுத்தார்கள் என்பது வாஸ்தவம். அந்தப் பணம் அவருடைய பந்துவீச்சுக்குக் கொடுத்த விலை. நுரையீரலுக்குக் கொடுத்தது அல்ல. அவர் ஸ்கான் எடுப்பதற்காக, அதற்கென்று வகுத்திருந்த ஏற்பாட்டின்படிதான் வெளியே போய்வந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. உடம்புக்கு வைத்தியம் பார்த்துக்கொள்வதுமா குற்றம்?

தவறே செய்யாதவர்கள் ஆட்டக்காரர்கள் என்று நான் வாதாட வரவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் ரூடி கோபேர் என்றொருவர். 2020 மார்ச் 9-ந் தேதி, நிருபர்கள் வைத்திருந்த மைக்குகளையெல்லாம் வேடிக்கைக்காகத் தடவிவிட்டுப் போனார். 11-ந் தேதி அவருக்கே நோய் என்று தெரிந்தது. அன்றிரவே அந்த சீஸன் நின்றது. அந்த விளையாட்டுத்தனத்தைக் கண்டித்தால் நியாயம் உண்டு. அவரும் மன்னிப்புக் கேட்டார். ஐந்து லட்சம் டாலருக்கு மேல் நிவாரணத்துக்குக் கொடுத்தார். ஆனால் தப்பு அந்தத் தடவலில்தான் இருக்கிறது, ஜுரத்தில் இல்லை. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டால், நாளைக்கு எவனும் தலைவலிக்கிறது என்று வாய்திறந்து சொல்ல மாட்டான். மறைப்பான். மறைத்துக்கொண்டு பந்து போடுவான். பரவுவது அதற்கு அப்புறம்தான்.

இந்தப் புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது? என் பாட்டி காலத்தில் ஒரு வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். 'உள்ளே வராதே' என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆனால் அந்த வீட்டைக் கடந்து போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆத்தா இறங்கிவிட்டாளா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். பாட்டிக்கு வைரஸ் என்ற வார்த்தை தெரியாது. அம்மை குத்திக்கொள்ளக்கூட அவள் பயந்தவள்தான். அந்த அறியாமையை நான் கொண்டாடவில்லை. நோயாளியிடம் பேசுகிற மரியாதை அவளுக்குத் தெரிந்திருந்தது என்று மட்டும் சொல்கிறேன். நாமோ எல்லாம் தெரிந்தவர்கள். 2020-ல் சென்னையில் நோய் கண்ட வீட்டின் வாசலில் தகரத்தை வைத்து அடைத்தார்கள். வேப்பிலையும் எச்சரிக்கைதான், தகரமும் எச்சரிக்கைதான். இரண்டும் ஒன்றா?

கிரிக்கெட் ரசிகர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. மேட்ச் நின்று ஒரு வாரம் ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் போன் செய்தாள். "ஐயா, ரெண்டு நாளா காய்ச்சலா இருக்குதுங்க. டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள். நான் உடனே, "அப்படியா? எப்போது வருவாய்?" என்றேன். போனை வைத்த பிறகு என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. நானே மறுபடி போனை எடுத்து, "சாப்பிட்டாயா அம்மா? யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டேன். முதலில் கேட்க வேண்டியதை இரண்டாவதாகக் கேட்கும்போது குரலில் ஒரு வெட்கம் வந்துவிடுகிறது. அவளுக்கு அது புரிந்திருக்கும். பெருந்தன்மையாக, "கஞ்சி குடிச்சேனுங்க" என்றாள்.

அப்படியானால் அந்த வருணுக்கும் அவளுக்கும் நாம் கொடுத்திருக்கும் இடம் ஒன்றுதான். ஒருவர் பந்து போடும் கை. இன்னொருவர் பாத்திரம் தேய்க்கும் கை. கை நின்றுவிட்டால் நமக்குக் கோபம். கைக்குப் பின்னால் ஒரு உடம்பு இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வருகிறது, அதுவும் ஒரு இடைஞ்சலாக!

இதில் வேடிக்கை என்னவென்றால், எதுவும் குடிமுழுகிப் போய்விடவில்லை. செப்டம்பர் 19-ந் தேதி அரபு நாட்டில் பந்தயத்தை மறுபடி தொடங்கினார்கள். அக்டோபர் 15-ந் தேதி துபாயில் இறுதி ஆட்டம். சென்னை அணி கோல்கத்தாவை 27 ரன்னில் ஜெயித்தது. எதிர்க்கட்சியில் பந்து வீசியவர்களில் வருணும் ஒருவர். எதிர்வீட்டு நண்பர் பட்டாசு கொளுத்தினார், நானும் கைதட்டினேன். நின்றுபோன ஆட்டங்கள் திரும்பி வந்தன. அந்த மே மாதத்தில் நின்றுபோன எத்தனையோ மூச்சுகள் திரும்பி வரவில்லை.

ஆகவே, நண்பர்களே, இனி ஒரு ஆட்டக்காரருக்கு நோய் என்று கேள்விப்பட்டால், "எப்படி இருக்கிறார்?" என்பது நம் முதல் கேள்வியாக இருக்கட்டும். புள்ளிக் கணக்கை இரண்டாவதாகக் கேளுங்கள். அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். நானும் கேட்பேன்.