பயிற்சி என்னும் முகத்திரை: அமெரிக்கப் பாடசாலை மாவட்டங்களும் கணினிப் பயிலுநரும்

உழைப்பை உழைப்பென்று கூறாது வேறு பெயரிட்டு அழைத்தல் சுரண்டலின் மிகப் பழைய உபாயங்களுள் ஒன்றாகும். தொண்டு, கடமை, குருசேவை எனக் காலந்தோறும் பெயர்கள் மாறி வந்துள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் பாடசாலை மாவட்டங்களிலே, கணினிப் பிரிவுகளில் அமர்த்தப்படும் இளைஞருக்கு வழங்கும் பெயர் 'பயிலுநர்' என்பதாகும். அவருட் சிலர் சொற்பக் கூலி பெறுகின்றனர். வேறு சிலருக்குப் பாடப் புள்ளியும் சான்றிதழும் மாத்திரமே கிடைக்கின்றன. இளைஞர் முன்னேற்றத்துக்கான நற்பணி என்று இவ்வேற்பாடு போற்றப்படுகின்றது. அப்புகழுரையின் உண்மைத் தன்மை ஆராயப்படல் வேண்டும்.

அந்நாட்டில் ஏறத்தாழ 13,000 பாடசாலை மாவட்டங்கள் உள்ளன. பொதுப் பாடசாலைகளின் வருமானத்தில் ஏறக்குறைய 45 வீதம் உள்ளூரிலிருந்தே திரட்டப்படுகின்றது. அதன் பெரும்பகுதி வீடு, நிலம் ஆகியவற்றின் மீது விதிக்கப்படும் வரியாகும். எனவே செல்வந்தர் வாழும் ஊரின் பாடசாலை செழிப்பதும், வறியோர் வாழும் ஊரின் பாடசாலை வாடுவதும் தற்செயலான நிகழ்வுகளல்ல. இவ்வேற்றத்தாழ்வு அரசியலமைப்புக்கு முரணானதன்று என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1973 ஆம் ஆண்டில், டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ மாவட்டம் தொடர்பான வழக்கில், தீர்ப்பளித்தது. வறிய மாவட்டமொன்றில் கூலியின்றி உழைக்கும் பயிலுநர் தமது ஊரின் வறுமைக்காக இரண்டாம் முறையும் வரி செலுத்துபவராகின்றார்.

இப்பயிலுநர் செய்வது யாது? கோடை விடுமுறையில், மாணவர் திருப்பி ஒப்படைத்த மடிகணினிகளை எண்ணிப் பதிவுசெய்கின்றனர்; பழைய தரவுகளை அழித்து மென்பொருளைப் புதிதாக நிறுவுகின்றனர்; உடைந்த திரைகளையும் விசைப்பலகைகளையும் மாற்றுகின்றனர். பாடசாலை தொடங்கியதும், கடவுச்சொல்லை மறந்த ஆசிரியருக்கும், இணைப்பு அறுந்த வகுப்பறைக்கும், ஒளியிழந்த படமெறிகருவிக்கும் அவரே ஓடிச் செல்கின்றனர். முதல் வாரத்தில் இவை யாவும் கல்வியே என்பதில் ஐயமில்லை. ஆயின் முந்நூறாவது திரையை மாற்றும் கரம் புதிதாக எதைக் கற்கின்றது? அது கற்கவில்லை, உற்பத்தி செய்கின்றது.

'அனுபவமே ஊதியம்' என்பது நிருவாகிகள் முன்வைக்கும் முதலாவது நியாயம். இந்நியாயத்தின் சட்ட வரலாறு கவனத்திற்குரியது. 1938 ஆம் ஆண்டின் நியாயமான தொழில் நியமங்கள் சட்டம் ஆகக்குறைந்த கூலியை நிலைநாட்டியது. 1947 ஆம் ஆண்டில் புகையிரதப் பயிலுநர் தொடர்பான வழக்கொன்றில், அவர்கள் ஊழியரல்லர் என உயர் நீதிமன்றம் கூறியது. அவர்களாற் கம்பனிக்கு உடனடி ஆதாயம் எதுவும் கிட்டவில்லை என்பதே அதன் அடிப்படையாகும். இவ்வளவுகோலை நேர்மையாகப் பிரயோகித்தால், நாள்தோறும் மடிகணினிகளைச் செப்பனிட்டு வகுப்பறைக்கு அனுப்பும் பயிலுநர் ஊழியரே என்பது தெளிவாகும். ஆயின் 2018 ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தொழில் திணைக்களம், முதன்மையாகப் பயனடைபவர் யார் என்ற நெகிழ்ச்சியான சோதனையை ஏற்றுக்கொண்டது. அதனினும் விந்தை, இச்சோதனை இலாப நோக்குடைய நிறுவனங்களுக்கே உரியதாக இருப்பதாகும். ஊதியத்தை எதிர்பாராது தொண்டராக வருபவரைப் பொதுத்துறை நிறுவனங்கள் கூலியின்றி ஏற்கலாம் எனத் திணைக்களமே கூறுகின்றது. இலாபம் தேடும் கம்பனியிடமிருந்து இளைஞனைக் காக்க முனையும் சட்டம், குடியாட்சியின் நாற்றங்காலெனப் போற்றப்படும் பொதுப் பாடசாலையிடமிருந்து அவனைக் காக்க மறுக்கின்றது! கூலி வழங்கப்படும் இடங்களிலும் சமஷ்டிச் சட்டத்தின் ஆகக்குறைந்த அளவு 2009 ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட மணிக்கு 7.25 டொலரே என்பதும், பல மாநிலங்கள் அதற்கு மேல் உயர்த்தியபோதிலும் வேறு பல அவ்வாறு செய்யவில்லை என்பதும் மறக்கற்பாலனவல்ல.

'பணமில்லை' என்பது இரண்டாவது நியாயம். இது பாதி உண்மை. 1996 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழியாகப் பிறந்த 'ஈ-ரேட்' திட்டம், பாடசாலைகளின் இணைய இணைப்புச் செலவில் 20 முதல் 90 வீதம் வரை கழிவு வழங்குகின்றது. அதன் ஆண்டு உச்ச வரம்பு 2014 ஆம் ஆண்டில் 390 கோடி டொலராக உயர்த்தப்பட்டது. கம்பிக்கும் இணைப்புக்கருவிக்கும் கழிவுண்டு. அவற்றைப் பேணும் மாவட்ட ஊழியரின் சம்பளத்துக்குக் கழிவில்லை. கொவிட் பெருந்தொற்றின்போது, 2020, 2021 ஆம் ஆண்டுகளில், காங்கிரஸ் நிறைவேற்றிய மூன்று சட்டங்கள் ஏறத்தாழ 19,000 கோடி டொலரைப் பாடசாலைகளுக்கு ஒதுக்கின. அந்நிதியிலிருந்தும் எண்ணற்ற மடிகணினிகள் வாங்கப்பட்டன. 2024 செப்டெம்பருடன் நிதியை ஒப்பந்தஞ் செய்யும் தவணை முடிவுற்றது; பொறிகளோ எஞ்சின. பொறியை ஒருமுறை வாங்கினாற் போதும். அதனைப் பேணுபவருக்கு மாதந்தோறும் உணவு வேண்டும். இவ்வெளிய உண்மையைக் கணக்கிற் சேர்க்காத திட்டமிடலின் பள்ளத்தையே பயிலுநரின் உழைப்பு நிரப்புகின்றது. ஆகவே இல்லாதது பணமன்று. மனித உழைப்புக்குப் பணம் ஒதுக்கும் மனமே.

'இக்கால இளைஞருக்குக் கணினி இயல்பாகவே கைவந்த கலை. அவர்களுக்கு இது விளையாட்டு' என்பது மூன்றாவது நியாயம். இதுவே மூன்றினுள்ளும் ஆபத்தானது. மாவட்டத்தின் கணினிப் பிரிவு, பிள்ளைகளின் பெயர், முகவரி, புள்ளி, சுகநலக் குறிப்பு ஆகியன அடங்கிய களஞ்சியத்தின் வாயிலாகும். மாணவர் பதிவேடுகளின் அந்தரங்கத்தைக் காக்க 1974 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. எனினும் திறவுகோல் எவர் கையில் இருக்கின்றது என்பதைச் சட்டப் புத்தகம் தீர்மானிப்பதில்லை. நாளாந்த நடைமுறையே தீர்மானிக்கின்றது.

பென்சில்வேனியா மாநிலத்தின் லோவர் மெரியன் மாவட்டத்தில் 2010 ஆம் ஆண்டில் வெளியான விவகாரம் இதற்குச் சான்றாகும். களவுபோன மடிகணினிகளைக் கண்டறியவென நிறுவப்பட்ட மென்பொருள், மாணவரை அவர்தம் வீட்டினுள்ளேயே, அவர் அறியாது, படம்பிடித்தது. ஆயிரக்கணக்கான படங்கள் சேர்ந்தன. மாவட்டம் வழக்குகளை 610,000 டொலர் செலுத்தித் தீர்த்துக்கொண்டது. அங்கு பொறியை இயக்கியோர் பயிலுநரல்லர், நிரந்தர ஊழியர், மாவட்டமும் வறியதன்று. தெளிவான விதியும் மேற்பார்வையும் இல்லாதவிடத்து அனுபவமுள்ள ஊழியரே இவ்வாறு தவறுவரெனின், விதியும் மேற்பார்வையும் இன்றி விடப்படும் பதினெட்டு வயதுப் பயிலுநரிடம் எதனை எதிர்பார்ப்பது? 2024 டிசெம்பரில், மாணவர் தகவல் மென்பொருளை வழங்கும் 'பவர்ஸ்கூல்' நிறுவனத்தின் களஞ்சியம் களவாடப்பட்டபோது, களவாடிகள் நுழைந்த வழி திருடப்பட்ட நுழைவுச் சான்றே ஆகும். ஒரு கடவுச்சொல்லின் பெறுமதி அத்தகையது. அதனைக் காக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் செய்வது விளையாட்டு எனக் கூறுதல் பிள்ளைகளுக்கும் பயிலுநருக்கும் ஒருங்கே இழைக்கப்படும் அநீதியாகும்.

பயிற்சியே வேண்டாமென்பது இதன் பொருளன்று. நல்லாசிரியரின் அருகிலிருந்து தொழில் பயிலும் வாய்ப்பு, குறிப்பாகப் பல்கலைக்கழகக் கல்வி எட்டாத வறிய மாணவனுக்கு, பெருங்கொடையே. ஆயின் கூலியற்ற பயிற்சியை ஏற்கக்கூடியவன் அவ்வறியவனல்லன். வீட்டில் உணவும் உறையுளும் உறுதியாக உள்ளவனே. ஏழைக்கென்று கூறித் திறக்கப்படும் கதவு, கூலியின்மையால் அவ்வேழைக்கே அடைக்கப்படுகின்றது.

ஆதலின் பயிற்சியென்று ஒன்றை அழைப்பதற்குச் சில நிபந்தனைகள் இன்றியமையாதன. பயிலுநர் ஆற்றும் பயன்தரு உழைப்புக்கு உரிய கூலி வழங்கப்படல் வேண்டும். கற்பிக்கும் கடமையுடைய ஒருவர் அவருக்குப் பொறுப்பாக இருத்தல் வேண்டும். எப்பதிவேட்டை அவர் காணலாம், எதனைக் காணலாகாது என்பது எழுத்தில் வரையறுக்கப்படல் வேண்டும். நிரந்தரப் பதவியொன்றின் வெற்றிடத்தைப் பயிலுநரைக் கொண்டு நிரப்புதல் தடுக்கப்படல் வேண்டும். இந்நான்கும் இல்லாதவிடத்து நடைபெறுவது பயிற்சியன்று.

பாடசாலை தன் சுவர்களுக்குள் நேர்மையைப் போதிக்கின்றது. அச்சுவர்களுக்குள்ளேயே உழைத்தவனுக்குக் கூலியை மறுத்துச் சான்றிதழை நீட்டுமாயின், அவன் அங்கு கற்ற முதற்பாடம் கணினியைப் பற்றியதாக இராது.