இறங்கும்போது எண்ணுங்கள்

பத்துமலையின் 272 படிகளையும் ஏறி இறங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கியது என்பார்கள். ஆனால், தொடை வெடவெடவென்று நடுங்கியது எப்போது? இறங்கும்போதுதான்.

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கி, பிரேக் போடுகிறது. உடற்பயிற்சியில் இந்த இரண்டாவது வேலையைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

பிரிக்பீல்ட்ஸில் நான் போகும் ஜிம்மில், வேலை முடிந்து வரும் இளைஞர்கள் தோளில் எடையைச் சுமந்தபடி தொப்பென்று குந்தி, அதே வேகத்தில் துள்ளி எழுவார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள், அங்கு வரும் பெரியவர் ஒருவர், "தம்பி, இறங்கும்போது மூணு எண்ணுங்க" என்றார். 60 கிலோவில் பத்து முறை செய்தவன், 40 கிலோவில் எட்டாவது முறையிலேயே நின்றுவிட்டேன்!

காரணம் எளிது. வேகமாக விழுந்தால் பாதி வேலையைப் புவியீர்ப்பு விசையே செய்துவிடும். நிதானமாக இறங்கினால் ஒவ்வொரு நொடியும் தசைதான் தாங்க வேண்டும். களைப்பு ஏற ஏற, அதுவரை சும்மா இருந்த தசை இழைகளையும் நரம்பு வேலைக்கு அழைக்கும்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் இதைச் சோதித்தார்கள். இளைஞர்கள் ஒரு காலால் குறைந்த எடையை 6 நொடியில் தூக்கி 6 நொடியில் இறக்கினார்கள். மறு காலால் அதே எடையை ஒவ்வொரு நொடியில். மெதுவாக உழைத்த காலில் தசைப் புரத உற்பத்தி மறுநாள் அதிகமாக இருந்தது. அதற்காக ஆமை வேகம் வேண்டாம். ஒரு முறை தூக்கி இறக்க பத்து நொடிக்கு மேல் இழுத்தால் கூடுதல் பலன் இல்லை.

எழுவது மட்டும் சுறுசுறுப்பாக இருக்கட்டும். வேகமாக எழ, தொடக்கத்தில் தொடை அதிக விசை கொடுக்க வேண்டும். வயதாகும்போது முதலில் மெலிவது வேகமாக இயங்கும் தசை இழைகள்தான். கால் இடறினால் நம்மைக் காப்பாற்றுவதும் அவையே.

இது எனக்கு உறைத்தது கிள்ளானில், அம்மா வீட்டில். நாற்காலியில் அம்மா உட்காரவில்லை, விழுந்தார். "கால் தாங்க மாட்டேங்குதுப்பா. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டே ரெண்டு வருஷமாச்சு" என்றார்.

மறுநாளே தொடங்கினோம். சுவரை ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலி. மூன்று எண்ணியபடி உட்கார வேண்டும். ஒரே மூச்சில் எழ வேண்டும். எட்டு முறை, சற்று ஓய்வு, மீண்டும் எட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள். மூச்சை அடக்கக் கூடாது. முதல் வாரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மூட்டு வலி, இருதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

மூன்று மாதம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். காதைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினார். உதடு அசைந்தது. மந்திரம் என்று நினைத்தேன். அருகில் போய்க் கேட்டால், "ஒண்ணு... ரெண்டு... மூணு..."